அடைமழைக் காலத்தில் கடற்கரைக்கு

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர்களுக்கு எந்த மாதத்தில் விடுப்பு கிடைக்கும் என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. அவர்களுடைய முதலாளிகள் தீர்மானிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஊர் வருகிறவர்களில் சிலருக்குப் பெருநாள் வாய்க்கிறது. சிலருக்குப் பிள்ளைகளின் கோடை விடுமுறை வாய்க்கிறது. பலருக்கு வாய்ப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் அந்த நாள்களில் விமான நிலையத்தில் வந்து இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் பெட்டியைத் தலையில் சுமந்தபடி திருவொற்றியூர்ச் சந்துகளில் வீடு போய்ச் சேர்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அவ்வாறு வந்த ஓர் அன்பர், என்னிடம் ஓதும் இரண்டு பிள்ளைகளின் தகப்பனார், மதரஸா வாசலில் நின்று கேட்டார்: "ஹஜ்ரத், பிள்ளைகளையும் வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் எங்கேயாவது கடற்கரையில் தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் விடுதி வாடகையும் குறைவு என்கிறார்கள். நீங்கள் நாலு ஊர் பார்த்தவர்கள். எங்கே போகலாம், சொல்லுங்கள்."

கூட்டமில்லாத இடமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய மனைவியின் நிபந்தனை. அந்த நிபந்தனையின் நியாயம் ஆண்களாகிய நமக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவுக்குச் சென்று பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் அலையில் காலை நனைப்பதற்கே தயங்கி, மணலில் ஓர் ஓரமாக அமர்ந்து, செருப்புகளையும் பைகளையும் காவல் காத்துக்கொண்டிருப்பார்கள். கணவரும் பிள்ளைகளும் நனைந்து, சிரித்து, சுண்டல் தின்று திரும்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் மணல் படிந்த துணிகளை அலசுவதும் அப்பெண்களே. மற்றவர்களுக்கு அது விடுமுறை; அவர்களுக்கு அது வேறோர் இடத்தில் செய்த வேலை. கூட்டமில்லாக் கடற்கரை வேண்டும் என்று அவர்கள் கேட்பது ஆடம்பரமன்று.

ஆனால் கடற்கரையில் கூட்டம் இல்லாமற்போகும் காலம் எது? கடல் சீறுகின்ற காலம்தான். மலிவும் அமைதியும் ஒரு பக்கம், அபாயம் மறுபக்கம் என்று இரண்டும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று யோசித்ததையே கீழே எழுதுகிறேன்.

"தெருக்கோடியில் கடலை வைத்துக்கொண்டு வேறெங்கோ கடல் தேடிப் போவானேன்?" என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் எங்கள் பகுதியில் கடல் உண்டு, கரை இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் செல்பவர்கள் காண்பது கருங்கற்பாறைகளைக் குவித்துக் கட்டிய தடுப்புச் சுவரையும், கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளையும்தான். பாறை இடுக்குகளில் நண்டு பிடிக்கும் சிறுவர்களைத் தவிர அங்கே உல்லாசமாக அமர்ந்திருப்பவர்கள் குறைவு.

கரை எங்கே போயிற்று? அதற்கொரு வரலாறு உண்டு. நம் கரையோரத்தில் மணல் நிலையாக ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் அலைதாங்கிச் சுவர் கட்டும் வேலை 1875ஆம் ஆண்டில் தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தும் ஆங்கிலேயர் விடவில்லை. திரும்பவும் கட்டி முடித்தார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் மோதி அங்கேயே தங்கிற்று. அகன்று கிடக்கும் அந்த மணற்பரப்பின் ஓரமாக ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் சூட்டினார். துறைமுகத்திற்கு வடக்கே உள்ள எங்களுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மீனவர் குப்பங்களையும் வீதிகளையும் கடல் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றது. மெரினாவில் அமர்ந்து சுண்டல் உண்பவர்கள், தாம் அமர்ந்திருக்கும் மணலில் ஒரு பகுதி இராயபுரத்துக்கு உரியது என்பதை எப்போதேனும் நினைத்துப் பார்க்கலாம்.

இதைவிட வியப்பான செய்தி எண்ணூரைப் பற்றியது. கத்திவாக்கம் என்ற பழம்பெயரும் உடைய எண்ணூர், கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னைவாழ் வெள்ளையரின் ஓய்விடமாக விளங்கிற்று! ஒருபுறம் கடல், மறுபுறம் கழி, நடுவே குறுகிய மணல்மேடு. அதன்மேல் அவர்கள் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் வெட்டப்பட்ட கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நெடிய நீர்வழியின் முதல் துண்டாகும். இன்று எண்ணூர் என்றதும் நினைவுக்கு வருபவை புகைபோக்கிகளும், சாம்பல் குட்டைகளும், துறைமுகத்துச் சரக்கு லாரிகளுமே. 1970இல் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது, மற்றவை இருக்கின்றன. 2017 ஜனவரியில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கொட்டிய எண்ணெயை ஆள்கள் வாளிகளில் அள்ளியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படர்ந்து படகுகளையும் வலைகளையும் கருக்கியதையும் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். விடுமுறைக்கு இடம் தேடும் எங்களூர்க் குடும்பங்கள் வெறும் கடலை மட்டும் தேடுவதில்லை. மூச்சு விடுவதற்குத் தூய காற்றையும் சேர்த்தே தேடுகின்றன.

இனி மழைக்காலத்துக்கு வருவோம்.

தமிழகக் கீழைக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் இறுதிவரை நீடிக்கிறது. சென்னை ஓராண்டில் பெறும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஆனால் தொண்ணூறு நாளும் இடைவிடாமல் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் நான்கைந்து நாள் ஊற்றும். பிறகு ஒரு வாரம் பளிச்சென்று வெயில் அடிக்கும். விடுமுறைத் திட்டம் போடுகிறவர்கள் பிடித்துக்கொள்ளவேண்டியது இந்த இடைவெளியைத்தான். மூன்று மாதங்களுக்கு முன்பே நாள் குறித்து, திருப்பித் தரமாட்டோம் என்னும் நிபந்தனையோடு பணம் கட்டி, அந்தத் தேதிக்கு மழை நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பருவமழையின் இயல்பை அறியாதவர்களின் வழி.

புயல்களின் தேதிகளைச் சற்றே நினைவுகூர்வோம். நீலம் 2012 அக்டோபர் 31. வர்தா 2016 டிசம்பர் 12. நிவர் 2020 நவம்பர் 25 இரவு. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு. மிக்ஜாம் 2023 டிசம்பர் 4, 5. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல் டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது. ஆகவே நவம்பரும் டிசம்பர் முற்பகுதியுமே மிக ஐயத்துக்குரியவை. டிசம்பரின் பிற்பகுதியையும் முழுதாக நம்பிவிட முடியாது. நீலம் புயலன்று சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஓர் எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுத்துவரப்பட்டு பெசன்ட் நகர்க் கரையில் தரை தட்டிற்று. அதிலிருந்து உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் மூழ்கி இறந்தனர். கடலில் தொழில் செய்பவர்களுக்கே அந்த நிலை. ஆனால் நகர மக்களோ மறுநாளே அந்தக் கப்பலைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கரையில் கூடினார்கள்!

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி இலவசமாகக் கிடைக்கிறது. அது எச்சரிக்கைக் கூண்டுக் கணக்கு. துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் தொலைதூரக் கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். 2 என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே கெட்ட வானிலை. 5, 6, 7 ஆகியவை அபாய அறிவிப்பு. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை அவை சொல்லும். 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இன்று கைபேசியில் வானிலை அறிக்கை வந்துவிடுகிறதுதான். ஆயினும் அதில் வரும் மேகப் படங்களைக் காட்டிலும், காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போயினவா, கரையில் கட்டிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பது சாமானியருக்குத் தெளிவான வழி. மீனவர் கடலுக்குப் போகாத நாளில் நாமும் அலையில் இறங்க வேண்டாம். இதைவிடச் சுருக்கமான விதி எனக்குத் தெரியவில்லை.

புயல் இல்லாத நாளிலும் இக்கடலுக்கு ஒரு குணம் உண்டு. வாடைக்காலத்து அலைகள் கரையில் நீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் திரும்பிச் செல்ல ஒரு வழி வேண்டுமல்லவா? மணல்திட்டுகளுக்கு இடையில் பள்ளமான ஒரு சந்தைக் கண்டுபிடித்து, அதன் வழியாக ஆறு போல் கடலுக்குள் பாய்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த இடத்தில்தான் அலை உடைவதில்லை. சுற்றிலும் நுரை பொங்க, அது மட்டும் அமைதியாகத் தோன்றும். பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். இழுத்துச் செல்லப்படுபவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலகினால், பிறகு அலையே கரைசேர்க்க உதவும். ஆனால் நீச்சல் அறியாதவருக்கு இந்த அறிவால் பயனில்லை. நம் குடும்பங்களில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கடற்கரையில் கூட்டம் இருந்தால் இழுபடுகிறவரைப் பார்த்துக் கூச்சலிடவாவது ஆள் இருக்கும். நாம் விரும்பித் தேடிப் போகும் தனிமையில் அதுவும் இராது. ஆகையால் மழைக்காலக் கடற்கரை விடுமுறை என்பது கடலைப் பார்க்கும் விடுமுறை. கடலில் குளிக்கும் விடுமுறையன்று. இதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். கரையில் நின்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

அப்படியானால் எங்கே போவது?

நிறையப் பணம் உள்ளவர்களுக்கு விடை எளிது: மழையில்லாத கரைக்குப் போய்விடலாம். நமக்கு மழைக்காலம் என்றால் எல்லாருக்கும் மழைக்காலம் அன்று. மேற்குக் கரையில் பெருமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பரோடு ஓய்கிறது. அக்டோபர், நவம்பரில் அங்கே மாலை நேரத்தில் இடியுடன் மழை உண்டு. டிசம்பரில் வானம் தெளிந்துவிடும். சென்னை சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறினால் கோழிக்கோட்டில் இறங்கலாம். கடற்கரையும், குற்றிச்சிறையில் போர்த்துக்கீசியர் 1510இல் தீயிட்டும் மீண்டெழுந்த மிஷ்கால் பள்ளியும், பேப்பூரில் மரத்தால் உரு என்னும் பெருங்கலம் கட்டும் தச்சுப் பட்டறைகளும் அங்கே உண்டு. நம் உணவுக்கும் குறைவில்லை. இலங்கையிலும் இப்படித்தான்: காலி, மாத்தறைக் கரைகள் டிசம்பரில் அமைதியாக இருக்கும், அப்போது திருகோணமலைப் பக்கம் மழை. மலேசியாவில் கிளந்தான், திரங்கானுக் கரையோரத் தீவு விடுதிகள் நவம்பரில் கதவைச் சாத்திக்கொள்ள, பினாங்கில் பெரிய தொல்லை இராது. எந்தக் கரைக்கு எந்தக் காற்று என்று தெரிந்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கடல் திறந்தே இருக்கிறது. நம் முன்னோரான மரக்கலத்து வணிகர்கள் இந்தக் கணக்கைக் கொண்டுதான் தொழில் செய்தார்கள்.

ஆனால் கோழிக்கோடு போய்வர இரண்டு இரவுகள் ரயிலுக்கே போய்விடும். கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்குக் களைப்புதான் மிஞ்சும். மூன்று நாள் விடுமுறைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

தென்மாவட்டத்து உறவினர் உள்ளவர்கள் காயல்பட்டினத்தை நினைப்பார்கள். மாலையில் குடும்பங்கள் மணலில் கூடி அமரும் அழகான கடற்கரை. சென்னையைவிட மழை குறைந்த பகுதி. இப்படித்தான் எல்லாரும் நம்பியிருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் அங்கே சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அப்பகுதி ஓர் ஆண்டில் பெறவேண்டிய மழையைவிட அது அதிகம்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளம் சூழ்ந்து நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் மீட்கப்படும்வரை அங்கே தவித்தார்கள். எனவே மழைக்காலத்தில் தொலைவான ஊர் வேண்டாம். வானம் கறுத்தால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பக்கூடிய தூரமே உத்தமம்.

அந்தத் தூரத்தில் தெற்கே கோவளம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டினால் வந்துவிடும். தமீமுல் அன்சாரி தர்கா இருப்பதால் நம்மவர்களுக்கு அறிமுகமான ஊர். தொழவும் உண்ணவும் இடம் தேடி அலையவேண்டியதில்லை. அங்குள்ள கடற்கரையின் ஒரு பகுதிக்குத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று 2021இல் கிடைத்தது. கழிப்பறை, உடைமாற்றும் அறை போன்றவை அமைக்கப்பட்டன. பெண்களுக்கு இவை எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வியாழன் மாலையும் வெள்ளியும் தவிர்த்துவிட்டு, செவ்வாய், புதனில் சென்றால் கூட்டம் மிகக் குறைவு.

மழைக்காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள் வாடகையைக் குறைப்பது உண்மையே. ஆனால் குறைத்த வாடகையில் எது குறைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். மின்சாரம் போனால் மின்னாக்கி உண்டா, சமையற்காரர் இருக்கிறாரா அல்லது விடுப்பில் போய்விட்டாரா, புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணம் திரும்புமா, அறை மேல்மாடியா தரைத்தளமா என்பவற்றைத் தொலைபேசியிலேயே விசாரித்துவிடுங்கள். அறைக்குக் கடலைப் பார்த்த தாழ்வாரம் உண்டா என்பதே எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி என்பேன். அது இருந்தால், மழை பெய்தாலும் வீட்டுப் பெண்கள் யாருடைய பார்வைக்கும் கூசாமல் நாற்காலி போட்டு அமர்ந்து, சூடான தேநீரோடு நாள் முழுதும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கூடுதலாக நூறு இருநூறு கேட்டாலும் கொடுக்கத் தகும். வேறெதையும் பார்க்காமல் திரும்பினாலும் அந்தப் பயணம் வீணாகாது.

இருந்தாலும், வடசென்னைக்காரனாகிய எனக்கு மனம் சாய்வது வடக்குப் பக்கமே. எண்ணூர், மீஞ்சூர் வழியாகச் செல்லும் மின்ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பேருந்து ஏறினால் பழவேற்காடு. புகைபோக்கிகள் பின்தங்கி, வயல்கள் வந்து, பிறகு வானமும் நீரும் ஒன்றாகத் தெரியும் ஏரி வருகிறது. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. மழைக்காலம் இந்த ஏரிக்குப் பஞ்சகாலமன்று, செழிப்புக் காலம். ஆறுகள் நன்னீர் கொண்டுவர, மணலால் தூர்ந்த முகத்துவாரம் திறந்துகொள்ள, இறாலும் நண்டும் மடவையும் பெருகும். அவற்றை நாடிப் பூநாரைகள் வருகின்றன. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை, முழங்கால் அளவு நீரில் வரிசை வரிசையாக அவை நிற்பதைக் காணலாம். மற்ற கரைகளெல்லாம் மழைக்காலத்தில் மூடிக்கொள்ள, இந்த ஊர் அந்த மழையால்தான் திறக்கிறது.

நம் சமூகத்துக்கும் இவ்வூருக்கும் தொடர்பு நெடியது. முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக வாழும் ஊர். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி, துணி வாங்கிக் கிழக்கே அனுப்பினார்கள். கோட்டை இன்று புதர் மூடிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வருவோரை வரவேற்கின்றன. சிறு குழந்தைகளைச் சற்றுத் தயார்செய்து அழைத்துச் செல்லுங்கள். இங்கிருந்து சென்ற கட்டம்போட்ட துணிக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. வெள்ளையர் நாவில் பழவேற்காடு 'புலிகாட்' ஆயிற்று. மலாய்க்காரர்கள் இன்றும் தம் கைலியைக் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பாளையக்காட் கைலி என்று கடையில் கேட்டு வாங்கியதும் இவ்வூர்ப் பெயரைத்தான். பினாங்கிலிருந்து வரும் உறவினர் உடுத்தியிருப்பது நாம் பேருந்தில் போய் இறங்கும் ஊரின் பெயரை என்றால் பிள்ளைகள் வியக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தைவிட இது நினைவில் நிற்கிறது. ஊர்ப் பெண்கள், அவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர், பனையோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். விலை பேசாமல் வாங்கலாம். அத்தனை வேலைப்பாடு அதில் இருக்கிறது.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று, அரையாண்டு விடுமுறைக் காலத்தில், பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. ஒரே குடும்பத்து உறவினர்கள் கூடிக் களிக்க வந்த நாள் அது. மழைக்காலத்தில் முகத்துவாரத்தருகே ஏரிநீரும் கடலலையும் மோதும் இடம் எவ்வளவு கொடியது என்பதைக் கரையில் நின்று பார்ப்பவர் அறியமாட்டார். அமைதியான ஏரிதானே என்று ஏறுகிறார்கள். படகோட்டியும் கடல் காட்டுகிறேன் என்று அழைத்துப்போகிறார். அந்த விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. இருந்தும் "ஒரு சுற்று போய்வரலாம், வாருங்கள் பாய்" என்று கரையில் யாராவது அழைக்கத்தான் செய்வார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவரின் சட்டைப்பை கனமாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அழுதாலும் ஏற வேண்டாம். பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கப் பக்கம் நடந்து சென்றாலே ஒரு புறம் ஏரியும் மறுபுறம் கடலும் தெரியும். அதற்குப் படகு தேவையில்லை. அங்கேயும் முகத்துவாரத்துப் பக்கம் நீரில் இறங்குவது கூடாது.

தங்குவதற்குப் பழவேற்காடு ஏற்ற ஊரன்று. நல்ல விடுதிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காலையில் போய் மாலையில் திரும்புவதே முறை. மூன்று நாள் கையில் இருந்தால், இரண்டு இரவைக் கோவளத்தில் தாழ்வாரத்தோடு கூடிய அறையில் கழித்து, வீடு திரும்பி ஓய்ந்து, பிறகொரு நாள் பழவேற்காடு போய்வரலாம். விடுப்பு டிசம்பர் நடுப்பகுதிவரை நீளுமானால் நவம்பரில் அவசரப்படாமல் இருப்பது நல்லது. நவம்பரிலேயே திரும்பிப்போக வேண்டியவர்கள், ஒரு தாழ்வு மண்டலம் கரையைக் கடந்து மழை ஓய்ந்த மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்குள் சாலை வடிந்திருக்கும். அடுத்த மேகம் பெரும்பாலும் வந்திராது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நாளை மட்டும் திறந்தே வைத்திருங்கள்.

பழவேற்காட்டுக்குக் குடிநீரையும் மதிய உணவையும் கையோடு கொண்டுபோவது உத்தமம். மழைக்காலத்தில் வெளியூர்த் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கொதிக்கவைத்த நீர், எலுமிச்சைச் சாதம், அவித்த முட்டை, இரண்டு பழைய போர்வை, ஆளுக்கொரு மாற்றுடை, கொசுவுக்குக் களிம்பு. குடையைவிட மழைச்சட்டை நல்லது. ஏரிக் காற்றில் குடை நிற்காது. தொழுகைக்கு ஊரின் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து போகிறவர்களுக்கு இது கஸ்ரு செய்யும் தூரம் ஆகாது. லுஹரையும் அஸரையும் முழுமையாகவே தொழ வேண்டும் என்று என் மாணவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

அஸருக்குப் பிறகு வெயில் தணிந்து, ஏரி வெள்ளித்தட்டுப் போல் ஆகும். அந்நேரத்தில் கரையில் வலை உலர்த்துகிறவர்களைத் தவிர அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். பார்வைக்கு எட்டிய தூரத்தில் பூநாரைகள் நிற்கும். வீட்டுப் பெண்கள் மேடான, ஆழமற்ற கரையோரத்தில் காலை நனைத்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமர்ந்திருக்கட்டும். பைகளையும் செருப்புகளையும் அன்று ஆண்கள் பார்த்துக்கொள்ளலாம். இருட்டுவதற்குள் பொன்னேரிப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.